சிங்கத்துக்கு வைத்த எண்ணெய்

ஆறு வருடங்களுக்கு முன் நான் செய்த ஒரு தவறுக்கு, எண்பது வயதுப் பெண்மணி ஒருவர் நான்கு மாதம் பழி சுமந்தார். எனக்குத் தெரிந்தே சுமந்தார். ஜெர்மனியில், ஹம் நகரிலிருந்து ரயிலில் இரண்டு தரிப்பிடம் தள்ளியுள்ள ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் அது நடந்தது.

நான் சைவக்காரன். யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவன். இங்கே தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பிறகு, அந்தத் தேவாலயத்தைக் கூட்டித் துடைக்கும் பகுதிநேர வேலை கிடைத்தது. விருப்பத்தோடுதான் போனேன். எண்ணூறு வருடக் கட்டடம். கோட்டை மாதிரித் தடித்த சுவர்களோடு கோபுரம்தான் முதலில் எழும்பியிருக்கிறது. அதன் ஜன்னல்கள் சின்னஞ்சிறியவை, மேலே அரைவட்டம். பலிபீடப் பக்கம் பிந்திக் கட்டியது. அங்கே வளைவுகள் கூராகி, வெளிச்சம் தாராளமாய் விழும். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. கூட்டும்போதெல்லாம் அந்தக் கோணலைப் பார்த்து ரசிப்பேன்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஞானஸ்நானத் தொட்டி. மணற்கல்லில் குடைந்தது. நான்கு சிங்கங்கள் அதை முதுகில் சுமக்கும். செதுக்கியவர் சிங்கத்தைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார். நாய்க்கும் பூனைக்கும் நடுவில் ஒரு முகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹம் நகரிலுள்ள எங்கள் சைவக் கோயிலில் எண்ணெய்க்காப்பு. கும்பாபிஷேகத்துக்கு முன், அடியார்கள் தங்கள் கையாலேயே விக்கிரகங்களுக்கு எண்ணெய் சாத்தும் நாள். மிஞ்சிய நல்லெண்ணெய் ஒரு சின்னப் போத்தலில் என் பையிலேயே கிடந்தது. மறுநாள் காலை தொட்டியைத் துடைக்கும்போது, ஒரு சிங்கத்தின் பிடரி வறண்டு பொடியாய் உதிர்ந்தது. ஊரில் கல்லை எண்ணெய் வைத்துத்தானே காப்பாற்றுகிறோம்? விரலால் தொட்டுப் பிடரி முழுக்கத் தடவினேன். சத்தியமாகப் பாசத்தில்தான்.

கருங்கல்லில் எண்ணெய் மேலே நின்று மினுங்கும். மணற்கல் குடித்துவிடும். படித்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் சிங்கத்தின் தலை கறுத்துப் போனது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். கறை இன்னும் பரவியது. போத்தலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் சொன்ன பெண்மணிதான் அங்கே பூ வைப்பவர். பலிபீட விளக்குகளுக்கு எண்ணெய் நிரப்புவதும் அவரே. கை கொஞ்சம் நடுங்கும். கறையைக் கண்டதும் எல்லோருக்கும் அவர் நினைவுதான் வந்தது. ஒருவரும் ஏசவில்லை. அவரே, "நான்தான் ஊற்றியிருப்பேன், எனக்கு ஞாபகமில்லை" என்று சொல்லி, முப்பது வருடமாகத் தன்னிடம் இருந்த தேவாலயக் கதவுத் திறப்பை, அந்தப் பழைய சாவியை, போதகரிடம் கொடுத்துவிட்டார். அவர் ஞானஸ்நானம் பெற்றதும் அதே தொட்டியில்தான்.

நான் வாய் திறக்கவில்லை. 'உண்மை தெரிந்தால் எங்கள் ஆட்களை இனி நம்பமாட்டார்கள்' என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். வெறும் வெட்கம்.

நான்கு மாதம் கழித்து பேக்கரியில் அவரைக் கண்டேன். கையில் ஒரு கடதாசித் துண்டு. வாங்க வந்தது ஒரே ஒரு பாண். அதையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "என் தலையை இப்போது நான் நம்புவதில்லை" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அந்த மனுசிக்கு விசர் எண்டு நினைக்க விட்டுட்டு, இஞ்ச இருந்து தேத்தண்ணி குடிக்கிறியளே! எழும்புங்கோ. போய்ச் சொல்லுங்கோ."

போதகரிடம் சொன்னேன். அங்கிருந்து நேரே அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று சொல்லி முடித்தேன்.

"சிங்கத்துக்கா எண்ணெய் வைத்தீர்கள்?"

"ஓம். பிடரிக்கு."

"நான்கு மாதம்! வைத்தியரிடம்கூடப் போனேன், தெரியுமா உங்களுக்கு?" என்று குரல் உயர்ந்தது. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "அப்படியென்றால் எனக்கு மறதி இல்லை." அழுதுகொண்டே சிரித்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. அன்று அது நியாயமாகத்தான் பட்டது.

கல் வேலை தெரிந்த ஒருவர் வந்து, எண்ணெயை உறிஞ்சக் களிமண் பற்றுப் போட்டார். வாராவாரம் அதை மாற்றும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்றாவது வாரம் அந்தப் பெண்மணி, போதகர் திருப்பிக் கொடுத்த திறப்போடு வந்து, எனக்கு வாளியைப் பிடித்தார். கறை முக்கால்வாசி போய்விட்டது; பிடரியில் மட்டும் நிழல் போல ஒரு கறுப்பு. வருபவர்களுக்கு அதைக் காட்டி, "எங்கள் சிங்கத்துக்குத் தலையில் எண்ணெய் வைத்தவர் இவர்தான்" என்று என்னை அறிமுகப்படுத்துவார்.

அந்தக் கறுப்பைத் துடைக்கும்போதெல்லாம், நான்கு மாதம் முந்தியே சொல்லியிருக்கலாமே என்ற வெட்கமும், கடைசியிலாவது சொன்னேனே என்ற நிம்மதியும் இன்றைக்கும் சேர்ந்தே வருகின்றன.