தயாளன் விட்டுவிட்டு வந்த ஐரோப்பா

பெங்களூர் காக்ஸ் டவுன் தயாளனைப் பார்த்து ஐரோப்பாவே நடுங்கியது. சரி, கொஞ்சம் கூடுதல்தான். நடுங்கியது பெல்ஜியத்தில் ஒரு சின்ன கிளப்பின் கோல்கீப்பர் மட்டும், அதுவும் குளிரில்.

போர்ச்சுகலில் ஒரு கிளப், மால்ட்டாவில் ஒரு கிளப் என்று முன்கள வீரனாக ஆடிவிட்டு, 1997இல் அந்த பெல்ஜியம் கிளப்பில் தேர்வு ஆட்டத்துக்கு இறங்கினான் தயாளன். கோல் அடித்தால் ஒப்பந்தம். இல்லையென்றால் பெங்களூருக்கு விமானம். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பந்தோடு பாய்ந்தபோது, தடுக்க வந்து சறுக்கி விழுந்த கோல்கீப்பர் மேல் அவன் கால் பட்டுவிட்டது. யார்மேல் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்த பிள்ளை. முன்னால் கோல் திறந்து கிடக்க, குனிந்து அந்த வெள்ளைக்காரன் தோளைத் தொட்டு ஒற்றிக்கொண்டான். பந்து தன்பாட்டுக்குக் கம்பத்துக்கு வெளியே உருண்டு போனது.

பத்து வருஷமாகியும், டிவியில் மேட்ச் ஓடினால் அந்த ஈரப் புல்லின் வாசனை அவன் மூக்கில் ஏறிவிடும். "மரியாதைக்காக ஐரோப்பாவையே விட்டவன்டா உங்க மாமா," என்பான் அக்கா பிள்ளைகளிடம்.

ஒருநாள் அக்கா சந்திரம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏய், ரீல் விடாதேடா! அன்னிக்கு போன்ல அழுதுக்கினே என்ன சொன்னே? அடிச்ச பந்து வெளிய போயிடுச்சுக்கா, அப்புறம்தான் அவனைத் தொட்டேன்னு சொல்லல?"