மூன்றாவது குப்பி

எனக்கு ஓர் இடத்தில் சும்மா இருக்க வராது. பொம்மனஹள்ளி சிக்னலில் பஸ் நின்றால் இறங்கி நடக்கத் தொடங்கிவிடுவேன். கொஞ்ச தூரத்தில் அதே பஸ் என்னைத் தாண்டிப் போகும். இந்தப் புத்தியோடுதான் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தேன்.

நான் செய்துகொண்டிருந்தது ஒரு பாலிமர். நீளமான மூலக்கூறு, இரண்டு துண்டுகளை இணைத்தது. ஒரு துண்டுக்குத் தண்ணீர் எப்போதும் பிடிக்கும். மற்றதற்குத் தண்ணீர் குளிர்ந்திருக்கும்வரைதான் பிடிக்கும். உடம்புச் சூடு பட்டால் அது தண்ணீரை வெறுத்துத் தன் இனத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்; தண்ணீரை விரும்பும் துண்டு வெளியே சுற்றி நிற்கும். யாரும் உருட்டாமலே கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் உருவாகி, தெளிந்த தண்ணீர் பால்போல வெளுக்கும். ஆறினால் மறுபடி கரைந்துவிடும். உருண்டைக்குள் மருந்தை வைத்து உடம்புக்குள் அனுப்பலாம் என்று எங்களுக்கு ஆசை.

அதற்கு முதலில் குளிர்ந்த தண்ணீரில் தெளிவாகக் கரைய வேண்டும். என்னுடையது கரையவில்லை. முந்தின நாளே ஃபிரிட்ஜில் வைத்த குப்பியைக் காலையில் எடுப்பேன். கண்ணாடியில் பூத்திருக்கும் ஈரத்தை உள்ளங்கையால் துடைத்து, இறுகப் பிடித்தபடி ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடப்பேன். பிறகு பார்த்தால் கலங்கல். அளக்கும் கருவிக்கு எப்போதும் வரிசை. கெட்டுப்போனதை வைத்து எதற்கு அடுத்தவர் நேரத்தை வீணடிப்பது? மிச்சமிருந்த பொடியோடு சேர்த்துக் கழிவு டப்பாவில் கொட்டினேன். இரண்டு தடவை. ஒவ்வொன்றும் இரண்டு மாத உழைப்பு.

"இன்னொரு தடவ பண்ணிப் பாரும்மா. அதுவும் இப்படித்தான்னா டாபிக்கை மாத்திடலாம்" என்றார் என் வழிகாட்டி மேடம். நான்காம் வருடத்தில் தலைப்பு மாறினால் எல்லாம் முதலிலிருந்து.

மூன்றாவதும் கையிலேயே வெளுத்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கழிவு டப்பாவைத் திறந்தபோது போன் அடித்தது. நான் வாடகைக்குத் தங்கியிருந்த பி.ஜி. விடுதியின் ஓனர் ஆன்ட்டி. குப்பியை மேஜையில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனேன்.

"கீசரை ஆஃப் பண்ணாமப் போயிட்டியேம்மா! எத்தன சல, எத்தன தடவ சொல்றது?"

"சாரி ஆன்ட்டி, அவசரத்துல…"

"உனக்குத் தினமும் அவசரம்தான்!"

கால் மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினேன். குப்பி தெளிந்திருந்தது. யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. லேபிளில் இருந்தது என் கையெழுத்து. எடுத்துக் கைக்குள் மூடினேன். கைச்சூட்டில் சில நிமிடங்களில் வெளுத்தது. டிசம்பர் குளிரில் சில்லிட்டிருந்த மேஜையில் வைத்தேன், மெல்லத் தெளிந்தது. சந்தோஷத்தில் கத்தப் பார்த்தேன். அதற்குள் முதல் இரண்டும் நினைவுக்கு வந்துவிட்டன.

மேடத்தின் அறைக்கு ஓடி மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ அந்த ரெண்டு?"

"நல்லாதான் இருந்திருக்கும் மேடம்."

"ஒரு தடவகூட கீழ வெச்சுப் பாக்கலயா?"

"இல்ல மேடம்."

தலைப்பு பிழைத்தது. அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "உக்காரு" என்றார். உட்கார முடியவில்லை. அந்த இரண்டும் செய்ய வேண்டியதை என் கைக்குள்ளேயே செய்து காட்டியிருக்கின்றன. அதற்காகத்தான் அவற்றைக் கொட்டியிருக்கிறேன்.