கதவில் ஒட்டிய ஆங்கில வார்த்தை

எனக்கு எழுத்து கோணலாக வரும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புனே ஆகுர்டியில் இட்லி மாவு விற்றுப் பிழைக்கிறேன். கண் ஆபரேஷனுக்காக ஒரு வாரம் லீவு என்று கதவில் எழுதி ஒட்ட மருமகளிடம் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில், ‘ஃபோர்சீயபிள் ஃப்யூச்சர்’ வரை மாவு இல்லை என்று எழுதிவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து வந்ததும் எதிர்வீட்டு மராத்திக்காரி ஓடிவந்தாள். “ஆஜி, காயம்சா பந்த்?” ஒரேயடியாக மூடிவிட்டேனா என்று கேட்கிறாள்! வேறு இடத்தில் மாவுக்குச் சொல்லிவிட்டாளாம்.

மருமகளைக் கூப்பிட்டேன். “என்னடி எழுதின?”

“கண்ணுக்கு எட்டின காலம் வரைக்கும்னு அர்த்தம், அத்தை. ஸ்டைலா இருக்கட்டும்னு...”

“கட்டுப் போட்ட கண்ணுக்கு வாசப்படியே எட்டல. ஒரு வாரம்னு மாத்துடி!”

மாற்றினாள். மராத்திக்காரி சிரித்தபடி, அங்கே வேண்டாமென்று போனில் சொன்னாள்.

எப்போது திறப்போம் என்று தெரியாதவர்கள் எழுதும் வார்த்தை அது. எனக்கு நாள் தெரிந்திருந்தது. அர்த்தம் சரிதானா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.