அக்காவின் மிளகுக்கு ஊர் இல்லை

எங்கள் வகுப்பறைச் சுவரில் நானே ஒட்டிய ஒரு செய்தித்தாள் படம் இருந்தது. நம் நாட்டுத் தலைவர்களும், கடலுக்குக் கிழக்கே உள்ள நாடுகள் சேர்ந்து அமைத்துக்கொண்ட கூட்டமைப்பின் தலைவர்களும் வரிசையாக நின்று, கைகளைக் குறுக்காகக் கோர்த்துக்கொண்டு சிரிக்கும் படம். அயலுறவுப் பாடத்தில் பிள்ளைகளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். இடைவேளையில் அதேபோல் கைகோர்த்து நிற்பார்கள், யாராவது ஒருத்தன் இழுப்பான், மொத்த வரிசையும் விழும். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அந்தப் படத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன மாதம் கிழித்தெடுத்துவிட்டேன். ஏன் டீச்சர் என்று கேட்ட பிள்ளைகளிடம் கரையான் அரித்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

நான் இடுக்கியில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு தமிழ்வழிப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். நிரந்தர வேலை இல்லை. தினக்கூலி ஆசிரியை. ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல்முறை வருகிறவள் மாதிரி சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு போய் நேர்முகத்துக்கு உட்கார வேண்டும். அண்டை நாடுகளோடு வரியைக் குறைத்தால் பொருள்கள் தடையில்லாமல் வந்துபோகும், நட்பு வளரும், இருபக்கத்துக்கும் நன்மை என்று எழுதிய பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண் போட்டவள் நான். இருபக்கம் என்றால் எந்த இரண்டு பக்கம் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

என் அக்கா சக்குபள்ளம் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள். தோட்டவேலை முடிந்து வந்தபிறகுதான் அவளுக்கு அவளுடைய வேலை தொடங்கும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே சரிவில் எங்கள் அப்பாவும் அம்மாவும் கல் பொறுக்கித் திருத்திய கொஞ்சம் நிலம் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள் அவர்கள். நாங்கள் இருவரும் பிறந்தது அந்த நிலத்தில் போட்ட குடிசையில். அங்கே நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் அக்கா மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறாள். ஒற்றை மூங்கில் ஏணியில் தானே ஏறித் தானே பறிப்பாள். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தால்தான் கை வைப்பாள். பிஞ்சைப் பறித்து எடைக்குச் சேர்க்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

காலால் மிதித்து உதிர்த்து, பாயில் பரப்பி, மழை மேகம் கண்டால் வேலையை விட்டு ஓடிவந்து சுருட்டி, அப்படிக் காயவைத்த மிளகில் முதல் படியை அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் வேதக்கோயிலுக்குக் கொண்டுபோவாள். காணிக்கைகளை ஆராதனை முடிந்து ஏலம் விடுவார்கள். அக்காவின் மிளகை ஏலம் சொல்கிறவர் பேர் சொல்வதே இல்லை. ஒரு மணியை எடுத்துக் கடித்துவிட்டுத் தண்ணீர் கேட்பார். சபையே சிரிக்கும். யார் மிளகு என்று எல்லோருக்கும் தெரியும்.

கோயிலுக்குத் தெரிந்தால் போதுமா? அந்த நிலத்துக்குப் பட்டயம், தமிழ்நாட்டில் சொல்கிற பட்டா, கிடையாது. அப்பா விண்ணப்பித்தார், அப்பா போனபின் அம்மா விண்ணப்பித்தாள், இப்போது அக்காவின் பேரில் ஒன்று எங்கேயோ கிடக்கிறது. பட்டயம் இல்லாததால் நிலத்துக்குக் கரம், அதாவது வரி, கட்டிய ரசீதும் இல்லை. நாங்கள் பிறந்து வளர்ந்த மண்ணில் நாங்கள் இருக்கிறோம் என்பதற்கு நாங்கள்தான் சாட்சி.

இந்த வருடம் எங்கள் பக்கத்தில் மிளகு விவசாயிகள் சங்கம் ஒன்று புதிதாக ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. வெளிநாட்டு மிளகு வந்து குவிந்து நம் மிளகின் மதிப்பைக் கெடுக்கிறது, அதனால் இந்த மலையில் விளைந்ததற்கு மட்டும் ஊர்ச்சான்று கொடுத்துத் தனியாக நல்ல விலைக்கு எடுப்போம் என்றார்கள். சான்று இல்லாததெல்லாம் கலப்பு மிளகு. அதை எல்லைச் சந்தையான கம்பம்மெட்டில் வாங்குகிறவன் மூட்டையைத் திறந்து பார்க்காமலே அடிமாட்டு விலை சொல்வான். ஊர்ச்சான்று நல்ல காரியம் என்று அக்காவுக்கு நான்தான் எடுத்துச் சொன்னேன். அவளுடைய வருடம் முழுவதன் உழைப்பும் நான்கு மூட்டைகளில் வீட்டுக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் ஒரு மாதிரிப்பொட்டலம் கட்டிக்கொண்டு இருவரும் சங்கத்துக்குப் போனோம்.

செயலாளர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். மிளகை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார், முகர்ந்தார், நல்ல சரக்கு என்றார். பிறகு பட்டயமோ கரம் ரசீதோ கேட்டார். இல்லை என்றதும் பொட்டலத்தை அப்படியே மடித்து மேசையின் எங்கள் பக்கத்துக்குத் தள்ளிவிட்டார். பின்புறக் கொட்டகையில் லாரியிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் நமக்குப் புரியாத எழுத்துகள் இருந்தன. அது என்ன என்று அக்கா கேட்டாள். கடல் கடந்து வந்த மிளகு, சுத்தம் செய்து வெளியே அனுப்ப ஒரு கம்பெனி தந்திருக்கிறது, அது வேறு கணக்கு என்றார். அதோடு விட்டிருக்கலாம். கோப்பைத் திறந்து முத்திரை குத்திய ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கிழக்குக் கூட்டமைப்பில் எந்த நாட்டில் விளைந்தது என்று அந்த நாட்டு அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறதாம். அது இருந்தால்தான் துறைமுகத்தில் வரிச் சலுகையாம். கடல் தாண்டி வந்த மிளகுக்கே பிறந்த இடத்துக்குத் தாள் இருக்கிறது, நீங்கள் இங்கேயே இருந்துகொண்டு ஒரு தாள் வாங்க முடியவில்லையே என்று மலையாளத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எங்களுக்குத் தாள் தரமாட்டேன் என்கிறவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வியை எங்களிடம் கேட்கிற ஆளை என்ன சொல்வது? அக்கா பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "எங்க மொளவு எங்க முளைச்சதுன்னு வந்து பாத்தா தெரிஞ்சுரும்லா சாரே" என்றாள். வந்து பார்க்க விதியில்லை என்றார் அவர்.

இரண்டு வாரம் கழித்து அதே செயலாளர் ஆள் அனுப்பினார். அந்தக் கூட்டமைப்பு நாடுகளிலிருந்து ஒரு நல்லெண்ணக் குழு நறுமணப் பயிர்களைப் பார்க்க வருகிறது, ஒரு விடுதி மண்டபத்தில் வரவேற்பு. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாட வேண்டும், கையில் சின்னக் கொடிகளோடு. பாட்டை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். விருந்தாளிகளுக்கு இந்த மலையின் மிளகை ஒவ்வொரு பையாகக் கொடுக்க நாலைந்து விவசாயப் பெண்கள் தேவை. அதற்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் மிளகு ஆகாது, ஆனால் அவள் ஆவாள். போகாதே என்றேன். வந்து நின்றால் சான்று விஷயத்தைச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் வைத்துப் பார்க்கலாம் என்று ஆள் சொல்லிவிட்டானாம். அந்த ஒரு வார்த்தைக்காக அக்கா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தாள். பொன்னிறக் கசவுக்கரை வைத்த வெள்ளைச் சேலை ஒன்றைக் கொடுத்துக் கட்டச் சொன்னார்கள், விழா முடிந்ததும் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. அப்படி ஒரு சேலையை அவள் வாழ்நாளில் கட்டியதில்லை. கொசுவம் நிற்கவில்லை என்று நான்தான் ஊக்கு குத்திவிட்டேன். மாதிரிப்பொட்டலம் அன்றும் அவள் இடுப்பில் இருந்தது. நேரம் வாய்த்தால் செயலாளரிடம் இன்னொரு தரம் காட்டலாம் என்று கொண்டுவந்திருந்தாள்.

மேடையில் பேசியவர்கள் எல்லோரும் நட்பைப் பற்றியே பேசினார்கள். கடல் நம்மைப் பிரிக்கவில்லை, சேர்க்கிறது என்றார் ஒருவர். வரிகள் விழ விழ இதயங்கள் நெருங்குகின்றன என்றார் இன்னொருவர். இதை எழுதிக்கொடுத்தவன் ஒரு மிளகுக்கொடியை நேரில் பார்த்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம். பிள்ளைகள் பாடினார்கள். பிறகு பெண்களைக் கூப்பிட்டார்கள்.

சணல் பையில் எங்கள் மலையின் படமும் ஊர்ச்சான்று முத்திரையும் அச்சடித்திருந்தது. பை கைக்கு வந்ததும் அக்கா சும்மா இருப்பாளா? வரிசையில் நிற்கும்போதே வாயைப் பிரித்து ஒரு மணியைக் கடித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகளோடு ஓரமாக நின்றிருந்த நான் அருகில் போனேன். "இது அந்தக் கொட்டகை மொளவு" என்றாள். சும்மா இரு என்று சைகை செய்தேன். நான் சத்தியம் செய்து சொல்ல முடியாது. ஆனால் மிளகு விஷயத்தில் அக்கா தவறியதை நான் பார்த்ததில்லை. அந்தச் சாக்குகள் கொட்டகையில் இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

விருந்தாளிகளில் அக்காவின் முன்னால் வந்தவர் ஒரு நடுவயதுப் பெண்மணி. அவரும் மிளகு விளைகிற ஊர்க்காரர் என்று அறிமுகத்தில் சொன்னார்கள். பையை வாங்கியதும் அவரும் அதையே செய்தார். பிரித்து ஒரு மணியை வாயில் போட்டார். முகம் மலர்ந்தது. எங்கள் வீட்டு மிளகு மாதிரியே இருக்கிறது என்றார் ஆங்கிலத்தில். செயலாளருக்கு ஒரு நொடிகூடத் தடுமாற்றம் இல்லை. நம் இரு மண்ணும் ஒன்றுதானே அம்மா, அதுதான் நட்பு என்றார். கைதட்டல் எழுந்தது. அவர்கள் மிளகை அவர்களுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டுக் கைதட்டல் வாங்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்தப் பெண்மணி கடித்த விதம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்து நீட்டினாள். அவர் எடுத்துக் கடித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. இருமிக்கொண்டே சிரித்தார், எங்கள் ஏலம் சொல்கிறவர் மாதிரியே தண்ணீர் கேட்டார். குடித்து முடித்ததும் செயலாளரிடம் கேட்டார், இது எங்கே விளைந்தது?

செயலாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இங்கேதான் அம்மா, இந்த மலையில், இவருடைய சொந்தத் தோட்டத்தில் என்றார். சொந்தத் தோட்டம் என்று ஆங்கிலத்தில் அழுத்திச் சொன்னார்.

அக்கா என்னைப் பார்த்தாள். என்ன சொல்கிறார் என்று கேட்டாள். உன் மிளகு இந்த மலையில் விளைந்தது என்கிறார் என்றேன். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"சாரே, இப்ப வாயால சொன்னீயள்லா, அதத் தாள்ல எழுதித் தாங்க. நாலு மூட்டை வீட்டுல கெடக்கு."

இவர் என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண்மணி கேட்டார். செயலாளருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், கம்பம்மெட்டு வியாபாரிகளோடு தினமும் பேசுகிறவர். அவர் சிரித்தபடியே, இவ்வளவு தூரம் வந்ததற்கு உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்றார். அந்தப் பெண்மணி நெகிழ்ந்துபோனார். இரு கைகளையும் குவித்து, அக்காவுக்கு முன்னால் தலை தாழ்ந்து வணங்கினார். அக்காவும் கும்பிட்டாள். புகைப்படக்காரர் அதைத்தான் எடுத்தார், மறுநாள் செய்தித்தாளில் வந்ததும் அதுதான்.

எனக்கு ஆங்கிலம் தெரியும். நான் மூன்றடி தள்ளி நின்றேன். என் அக்கா நன்றி சொல்லவில்லை அம்மா என்ற ஒரே ஒரு வாக்கியம் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. மேடையில் எங்கள் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பக்கத்தில் ஜூன் மாத நேர்முகத்துக்கு வருகிற அதிகாரி. நான் பிள்ளைகளைக் கொடியை ஆட்டச் சொன்னேன்.

சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய சேலையில் பஸ் ஏறினாள் அக்கா. செயலாளர் கடைசியில் அவளிடம் சொன்னது, வாயால் சொல்வது வேறு, தாளில் எழுதுவது வேறு என்பதுதான். பஸ் ஆனவிலாசம் ஊரைத் தாண்டும்போது கேட்டாள்.

"அந்தம்மா எதுக்கு என்னைய அப்பிடிக் கும்பிட்டா?"

சொன்னேன். நீ அவருக்கு நன்றி சொன்னதாகச் செயலாளர் சொன்னார் என்று சொன்னேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ அங்கனதான நின்ன" என்றாள். "நீ என்ன சொன்ன?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் நான்கு மூட்டைகளும் கம்பம்மெட்டுக்குப் போயின. மூட்டைமேல் வகையை மலையாளத்தில் எழுதித்தான் அனுப்பவேண்டும் என்று வியாபாரி சொல்லியிருந்தார். அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான் எழுத வரும். மையும் குச்சியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான்கிலும் கலப்பு மிளகு என்று நான்தான் எழுதினேன்.