வரனைக் கலைத்தவர்

என் மகளுக்குப் பேசி முடித்திருந்த வரன் ஆடி மாதத்தில் கலைந்து போனது. எங்கள் தென்காசிப் பக்கத்தில் எந்த வரனும் தானாகக் கலையாது, கலைத்துவிட ஓர் ஆள் இருப்பான் என்பது என் நம்பிக்கை. அந்த ஆள் யார் என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

சந்தேகப்படுவது எனக்குப் புதிது அல்ல. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கீழே இருந்து வரும் ஆங்கிலக் குறிப்புகளை வரி விடாமல் வாசித்து, திருத்தி, மேலே அனுப்புவதுதான் பிழைப்பாக இருந்தது. டிஸ்கஸ் என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் ஓர் அபௌட் எதற்கு? ரிட்டர்ன் என்றாலே திரும்பி வருவதுதானே, அப்புறம் ஒரு பேக் எதற்கு? இப்படி எழுதுகிறவனைப் பார்த்தால் எனக்குக் கோபம் மட்டும் வராது, சந்தேகமும் வரும். எழுத்தில் கவனம் இல்லாதவன் வேறு எதில் கவனமாக இருந்துவிடப் போகிறான்?

ஒரு சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனேன். எண்ணெய் தேய்த்துவிடும் இடத்தில் மசாஜ் என்பதை ஆங்கிலத்தில் மெசேஜ் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். சாரலில் நனைந்தபடி அதை விளக்கிச் சொன்னேன். தேய்க்கிறவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, ஒங்களுக்குத் தேய்க்கணுமா வேண்டாமா, அதச் சொல்லுங்க" என்றார். எழுத்தே சரியில்லாத இடத்தில் உடம்பைக் கொடுப்பதா என்று, எண்ணெய் வைக்காமலே அருவியில் போய் நின்றேன்.

வரனுக்கு வருகிறேன். பையன் கடையத்துக்காரன். நெல் போடும் குடும்பம். அவன் இன்ஜினியரிங் முடித்து, ஆலங்குளம் பக்கம் காற்றாலைக் கம்பெனியில் வேலை பார்த்தான். தரகர் என் நம்பரைக் கொடுத்ததும் வாட்ஸ்அப்பில் தன்னை அறிமுகம் செய்துகொண்டான். 'மைசெல்ஃப்' என்று தொடங்கி அதன் பக்கத்தில் பெயரைப் போட்டிருந்தான். 'ஐ ஆம் ஹேவிங் ஒன் சிஸ்டர்' என்பது அடுத்த வரி. மைசெல்ஃப் போட்டுப் பெயர் சொல்கிறவன் இன்ஜினியரா? படித்துத்தான் பாஸானானா, இல்லை பட்டத்தை எங்காவது பிடித்துக்கொண்டு வந்தானா? வீட்டுக்காரியிடம் சொன்னேன். "பையன் ஒங்க கூட இங்கிலீஷ் பேசவா வாரான்? நம்ம புள்ளய வச்சுக் காப்பாத்துவானான்னு பாருங்க" என்றாள்.

அதையும் பார்க்கத்தான் பஸ் ஏறிக் கடையம் போனேன். பொண்ணு கொடுக்கிறவன் மாப்பிள்ளை ஊருக்குப் போய், யாரோ எவரோ போல நாலு இடத்தில் விசாரிப்பது எங்கள் வழக்கம். சலூனில் கேட்டேன், உரக்கடையில் கேட்டேன், டீக்கடையில் கேட்டேன். தங்கமான பையன், பீடி சிகரெட் கிடையாது, அதிர்ந்து பேச மாட்டான் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. விசாரித்தால் யாராவது ஒருத்தர் ஏதாவது ஒரு குறை சொல்ல வேண்டும். ஒருவரும் சொல்லவில்லை என்றால் முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். திரும்பி வந்து அதைச் சொன்னபோது வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். மகள் மட்டும், "எனக்குப் புடிச்சிருக்குப்பா" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம் என்பதால் சரி என்றேன்.

ஆனியில் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பார்க்க லட்சணமாகவே இருந்தான். வேலையைப் பற்றிக் கேட்டேன். ஆர்வமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். நடுவில் 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்றான். ஃப்ரெண்ட்ஸ் என்று வர வேண்டும், பலரில் ஒருவர் என்பதால் பன்மை என்று எடுத்துச் சொன்னேன். கையோடு அந்த மைசெல்ஃபையும் சொல்லி முடித்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "சரி மாமா" என்றான். பெரியவர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிற பையன் என்று எனக்கே திருப்தி வந்துவிட்டது. ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் பையனின் அப்பா போன் செய்தார். குரலே சரியில்லை.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. இது இப்பம் வேண்டாம்னு பாக்கோம்."

காரணம் கேட்டேன். சொல்லவில்லை. ஜாதகம் சரியில்லையா, வேறு இடம் அமைந்துவிட்டதா என்று துருவினேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒங்க பக்கம் இருந்து ஒரு சொல்லு வந்துது. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்று வைத்துவிட்டார்.

எங்கள் பக்கம் இருந்து ஒரு சொல். அப்படியென்றால் கலைத்தவன் பக்கத்தில்தான் இருக்கிறான். முதல் சந்தேகம் அடுத்த வீட்டுக்காரர்மேல். போன தை மாதம் தன் மகன் கல்யாணப் பத்திரிகையை ஊரெல்லாம் கொடுத்துவிட்டு என்னிடமும் கொண்டுவந்தார். ஆங்கிலப் பக்கத்தில் இருந்த பிழைகளை அவர் முன்னாலேயே வட்டம் போட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் பால் வாங்கப் போகிற அவசரத்தில் போவார். அவர் வாசலில் போய் நின்று நேராகவே கேட்டேன்.

"கடையத்துல இருந்து ஆள் வந்து ஒங்களப் பத்திக் கேட்டாவ, நெசந்தான்" என்றார். "கை சுத்தமான மனுசன், ஒரு கெட்ட பழக்கம் கெடையாதுன்னுதான் சொன்னேன். ஒரு பொம்பளப் புள்ள வாழ்க்கையில நான் மண்ணள்ளிப் போடுவனா அண்ணாச்சி?"

அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். நம்பவில்லை. இவ்வளவு நல்லவிதமாகச் சொல்லியிருந்தால் வரன் ஏன் கலைகிறது? பிறகு கோயில் கொடை விழாவுக்கு பேனர் அடித்த கடைக்காரன்மேல் சந்தேகம் வந்தது. அவன் அடித்த பேனரில் ஒரு வார்த்தையைக்கூட விடாமல் நாலு பேர் நடுவில் திருத்தியிருந்தேன். அதன் பிறகு என்னோடு வேலை பார்த்த ஒருவர்மேல் வந்தது. யோசிக்க யோசிக்க ஊரில் பாதிப் பேருக்கு என்மேல் வன்மம் இருக்கக் காரணம் இருந்தது. வன்மம் பிடித்த ஊர் என்று வைதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மகள் மாடியில் காயப்போட்டிருந்த துணியைச் சாரலுக்கு முன் எடுத்து வந்து மடித்துக்கொண்டிருந்தாள். பேனர்க் கடைக்காரனை இன்றைக்குச் சும்மா விடப்போவதில்லை என்று அவள் அம்மாவிடம் சத்தம் போட்டேன். செருப்பை மறுபடி மாட்டியபோது மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, யாருகிட்டயும் சண்டைக்குப் போவாதீங்க. நாந்தான் தரகர்கிட்ட வேண்டாம்னு சொல்லச் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. பிடித்திருக்கிறது என்றாயே என்றேன்.

"இப்பமும் புடிச்சுத்தான் இருக்கு."

"பெறவு என்னத்துக்குட்டி?" அவள் அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அன்னைக்கு வந்திருந்தப்பம் வேலையப் பத்தி எவ்வளவு ஆசையாச் சொல்லிட்டு இருந்தாங்க. நீங்க திருத்துனதுக்கு அப்புறம் அவங்க ஒரு வார்த்த பேசல. கெளம்புத வரைக்கும் தலையத்தான் ஆட்டுனாங்க. நீங்க கவனிக்கல. காலம் பூரா இந்த வீட்டுக்கு வந்து அப்படி ஒக்காந்திருப்பாங்க. அத என்னால பாத்துட்டு இருக்க முடியாதுப்பா."

"நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றேன்.

"எனக்கும் நல்லதுக்குத்தான் சொன்னீங்க. நான் ஒங்ககிட்டப் பேசுறத எப்பம் நிப்பாட்டுனேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. என் மகள் அமைதியான பெண் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தரகரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

வீட்டுக்காரி மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மகள் என்னிடம் பேச்சை நிறுத்தியது அவளுக்கு முன்பே தெரியும் என்று எனக்குப் பட்டது. செருப்பைக் கழற்றினேன். அந்தப் பையனை நானே போன் போட்டு வீட்டுக்குக் கூப்பிடட்டுமா என்று மகளிடம் கேட்டேன்.

"கூப்பிட்டு என்ன பேசுவீங்க?" என்றாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். திருத்தாமல் ஒரு மனிதரிடம் என்ன பேசுவது என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.