கதவுக்குப் பின்னால் தொங்கிய பச்சைச் சுடிதார்

இன்று மதியம் லுஹர் தொழுதுவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். எழுந்திருப்பதற்குள் வாய் திறந்து பேசிவிட்டேன்!

(சிரிக்காதீர்கள். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.)

புதிதாக வந்தவர்களுக்காக: நான் கீழக்கரையில் வீட்டிலேயே துணி தைக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, தையல் பிடித்துக்கொண்டது. இங்கே எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். நேரில் யாராவது வந்தால் தலையாட்டுவதோடு சரி. கஸ்டமர்களிடம் பேச வேண்டியதையெல்லாம் உம்மாதான் பேசுவார்.

ஏதாவது சங்கடம் என்றால் மெஷினை வேகமாக ஓட்டுவேன். அந்தச் சத்தத்தில் யாரும் என்னிடம் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள்!

நோன்பு மாதத்தில் எங்கள் தெருவே புதுத்துணி தைக்கக் கொடுக்கும். எல்லோருடையதையும் முடித்த பிறகுதான் என்னுடையது. அந்த 'பிறகு' வந்ததே இல்லை.

போன பெருநாளுக்குப் பிறை தெரிந்த பின்னும் யாருக்கோ லேஸ் வைத்துக்கொண்டிருந்தேன். காலையில் பழைய சுடிதாரை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, நான் தைத்ததைப் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் தொதல் அல்வா எடுத்து வைத்தேன்.

எல்லோரும் அழகாகத்தான் இருந்தார்கள். நான்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

அதனால் இந்த நோன்புக்கு ஒரு முடிவு எடுத்தேன்.

முதல் துணி என்னுடையது. சாயங்காலம் அஸர் பாங்கு கேட்டதும் மெஷினுக்கு உறை போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு உம்மாவோடு கஞ்சி காய்ச்சுவது, கொஞ்சம் ஓதுவது, மாடியில் நின்று கடலைப் பார்ப்பது. அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. (சொல்லத்தான் வாய் வேண்டுமே!)

இளம்பச்சைத் துணி. கையில் சின்னச் சின்னதாகச் சுருக்கு வைத்துத் தைத்தேன். எனக்கே ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆனால் அதைத் தனியாக எடுத்து வைக்கக் கூச்சம். தனக்கு முதலில் தைத்துக்கொண்டாள் என்று உம்மா நினைத்துவிட்டால்? கதவுக்குப் பின்னால், கஸ்டமர் துணிகளோடு சேர்த்து மாட்டிவிட்டேன்.

அதுதான் நான் செய்த தப்பு.

இன்று ஜரீனா மாமி தன் மகள் அஃப்ரினோடு, தைக்கக் கொடுத்ததை வாங்க வந்தார். அடுத்த தெரு. அஃப்ரினுக்கு என் வயது, என் அளவு.

நேராகப் பச்சைச் சுடிதாரில் கை வைத்தார்.

"இது யாரோடது புள்ள? நல்லாருக்கே!"

நான் மெஷினை ஓட்டினேன்.

"அஃப்ரின், இங்கன வா. மேல வச்சுப் பாரு. ஒனக்குன்னே தச்ச மாதிரி இருக்கு!"

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. நான் இன்னும் வேகமாக ஓட்டினேன்.

"இத நாங்க எடுத்துக்கிறோம். துணி வெலையும் கூலியும் சேத்துத் தந்துர்றேன். அவுஹளுக்கு வேற தச்சுக் குடுத்துரு, பெருநாளுக்கு இன்னும் நாள் கெடக்குல்ல."

சுடிதார் பைக்குள் போய்விட்டது!

உம்மா அடுப்படியில். நோன்பு நேரம் என்பதால் டீ கொடுத்துச் சமாளிக்கவும் வழியில்லை. பையின் வாயில் பச்சைக் கை மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது விட்டால் இந்தப் பெருநாளும் பழைய சுடிதார்தான்.

மெஷினிலிருந்து காலை எடுத்தேன். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது.

"மாமி... அது என்னோடது."

மாமி என்னைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்தார். அதுதான் பேசியது என்று நினைத்திருப்பார் போல!

"ஒன்னோடதா? தைக்கிற புள்ளைக்கு எதுக்கு இம்புட்டு முந்தி? பிறை பாத்த அன்னைக்கு ராத்திரி தச்சுக்கிட்டாப் போதாதா?"

"போதாது மாமி."

இது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன.

அஃப்ரின்தான் முதலில் சிரித்தாள். பையிலிருந்து சுடிதாரை எடுத்து, தோளைச் சரிசெய்து, திரும்ப ஹேங்கரில் மாட்டினாள்.

"ம்மா, அவளுக்கும் பெருநாள்தானே ம்மா."

மாமி மூக்கில் விரலை வைத்தார்.

"இவளுக்கு வாய் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது!"

அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல்: "எனக்கும்தான்!"

"சரி, அப்ப இதே மாதிரி அஃப்ரினுக்கும் ஒண்ணு தச்சுக் குடு. நேத்துதான் மாமா துபாய்லேர்ந்து ஆள் மூலமா துணி குடுத்து விட்டாஹ, இந்தா பையிலதான் இருக்கு."

பேச ஆரம்பித்தாயிற்று, முழுதாகப் பேசிவிடலாம் என்று தோன்றியது.

"பெருநாளுக்கு முந்தி ஏலாது மாமி. கை நெறைய வேல இருக்கு. பெருநாள் முடிஞ்சதும் மொத வேலையாத் தச்சுத் தாரேன்."

"நல்ல புள்ளதான் போ! பேசாம இருக்கும்போதே ஒன்னைய விட்டுருக்கணும்!"

திட்டிக்கொண்டேதான் போனார். ஆனால் துணியை வைத்துவிட்டுத்தான் போனார்.

அஸர் பாங்கு சொன்னது. மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, பச்சைச் சுடிதாரை எடுத்துத் தனி ஆணியில் மாட்டினேன். கதவுக்குப் பின்னால் இல்லை, முன்னால்!

அடுப்படிக்குப் போனேன். உம்மா கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார். கோபமாக இருப்பாரோ என்று பயம். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"என் ரவிக்கத் துணி ஒண்ணு போன பெருநாள்லேர்ந்து பீரோவுலயே கெடக்கு. நீ வேலையா இருக்கியேன்னு... கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

எனக்கு இந்தக் கூச்சம் யாரிடமிருந்து வந்தது என்று இன்றுதான் தெரிந்தது.

கரண்டியை உம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். நாளைக் காலையில் மெஷினில் ஏறும் முதல் துணி அந்த ரவிக்கைதான். மற்றவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தாலும் பதில் சொல்ல இப்போது வாய் இருக்கிறது!

உங்கள் வீட்டு பீரோவில் யாருடைய துணி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கிடக்கிறது? போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்களேன்.