அந்தக் கதையைக் கட்டியது நான்தான்

எனக்கு எழுபத்தி நாலு வயதாகிறது. ஆறு பேரை வளர்த்தேன். நாலு பேர் நான் பெற்றது, இரண்டு பேர் என் தங்கை விட்டுப்போனது. ஆறு பேரையும் காப்பித் தோட்டத்துக் கூலியில்தான் வளர்த்தேன், யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் போனேன். அதை வைத்துக்கொண்டு எழுதியதுதான் என் கதைப் புத்தகம். எழுத்துப் பிழையைப் பேத்தி திருத்தினாள். கதையில் ஒரு இடத்தைக்கூட அவளைத் தொட விடவில்லை.

புத்தகம் வந்த பிறகு ஒண்டிக்கடை முக்குக்குப் போனால் டீக்கடைக்காரர், "ரைட்டரம்மா வர்றாங்க, எடம் குடுங்கப்பா" என்பார். எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் வேலைக்கு வந்தவர்களுக்கு முழு ஆள், அரை ஆள் என்று பேர் போடுகிறவர். ஒருநாள் பெஞ்சில் இருந்தவர், "அப்ப எனக்கு இன்னிக்கு முழு ஆள் போட்டுருங்கம்மா" என்றார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் அவர் எழுந்த இடத்தில் நன்றாகவே உட்கார்ந்துகொண்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது. இல்லையென்றால் பொய்.

இப்போது மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். "முன்னால ரெண்டு பக்கம் உங்களைப் பத்தி எழுதிக் குடுங்கம்மா" என்று பதிப்பகத்துக்காரர் போனில் கேட்டார். சரி என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வெள்ளக்கடை ஊரிலிருந்து வந்த ஒரு பெண்தான் அதற்குக் காரணம்.

பழம் பறிக்கத் தொடங்கும் நாளில் நாங்கள் காப்பிச் செடி வரிசையின் தலைமாட்டில் ஒரு கல்லை வைத்து, மஞ்சள் பூசி, முதல் கைப்பிடிப் பழத்தை அதன் முன்னால் வைத்துக் கும்பிடுவோம். அதோடு சரி, மறுநாள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டோம். என் கதையில் ஒரு தாய் மட்டும் தினமும் பழம் வைத்து, ஊரைவிட்டுப் போன மகனைப் பற்றி அந்தக் கல்லோடு பேசுவாள். கடைசியில் மகன் பஸ்ஸிலிருந்து இறங்குவான்.

அந்தப் பெண் ஒரு பை நிறைய ஆரஞ்சோடு வந்தாள். படிக்கத் தெரியாதவள், மகள் படித்துக் காட்டினாளாம்.

"ஏனுங்கம்மா, அந்தக் கல்லு எந்த எஸ்டேட்டுலீங்க இருக்குது?"

"அது கதைங்க. நானாக் கட்டுனது."

அவள் சிரித்தாள். "நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. பெரியவங்க எங்கீங்க தன்னைச் சொல்லிக்குவாங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

"மெய்யாலுமே என் தலையில வந்ததுதானுங்க" என்றேன்.

"அதை உங்க தலையில கொண்டாந்து போட்டது யாருங்க? மூணாவது படிச்சவங்களுக்கு இப்படி எழுத வருமா? நம்ம மலைச்சாமி சேர்வராயன் சொல்லி எழுதுனதுதானுங்க."

குத்திக்காட்டவில்லை, பக்தியாகத்தான் சொன்னாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அந்த மகன் பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்தை எத்தனை முறை கிழித்துப் போட்டேன். முதலில் கையில் பெட்டியோடு இறக்கினேன், பிறகு பெட்டியை எடுத்துவிட்டு வெறுங்கையோடு இறக்கினேன். சேர்வராயன் சொல்லியிருந்தால் முதல் தடவையே சரியாகச் சொல்லியிருப்பார்.

அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் தன் மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு திருப்பூருக்குப் போனவன். போன் எடுப்பதில்லை. புத்தகத்தைக் கேட்ட நாளிலிருந்து இவளும் ஊட்டுக்குப் பின்னால் ஒரு கல்லுக்குப் பழம் வைக்கிறாளாம்.

"சாமி சொன்ன கதைன்னா எம்பையனும் வந்துருவானுங்க. நீங்களாக் கட்டுனதுன்னா..." என்று நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

அவளே தலையைக் குனிந்து, "திருநீறு வெச்சு உடுங்கம்மா" என்றாள். வைத்துவிட்டேன். பிறகு ஒரு ஆரஞ்சை உரித்தேன். அது கதை எழுதியவளுக்குக் கொடுத்ததா, கோயிலுக்குக் கொடுத்ததா என்று தெரியாமலே தின்றேன்.

"ஏன் ஆயா, எப்பருந்து பூசாரியான?" என்று பேத்தி கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு.

அடுத்த வாரம் என் மகனோடு வண்டியில் சேர்வராயன் கோயிலுக்குப் போனேன். குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். "எனக்குக் கதை சொன்னது நீதான்னு ஒருத்தி சொல்றா, நீயே சொல்லு" என்று மனதுக்குள் கேட்டேன். கேட்ட வாயோடு, அந்தப் பையனை ஊடு கொண்டுவந்து சேர்த்துவிடு என்றும் வேண்டிக்கொண்டேன். வெளியே வந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். என் கதையை நிசமாக்கித் தரச் சொல்லி அவரிடமே கேட்டிருக்கிறேன். அது, கதை என்னுடையது என்ற திமிரா, என்னால் ஆகாது என்ற பணிவா?

இன்னும் விளங்கவில்லை. நான்தான் கட்டினேன் என்று அச்சில் போட்டால், அவள் மகள் அதையும் படித்துக் காட்டுவாள். மறுநாள் காலையில் அவள் எதை நம்பிப் பழம் வைப்பாள்? போடாமல் விட்டால் அடக்கமான கிழவி என்று பேர் வரும். ஆனால் நான் கிழித்துக் கிழித்து எழுதியதெல்லாம் என்னுடையது இல்லை என்றாகிவிடும். இந்த வயதில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். பையன் வந்தானா என்றும் தெரியவில்லை. கேட்டு ஆள் அனுப்பப் பயமாக இருக்கிறது.

மேலே தலைப்பைப் போட்டுவிட்டேன். அடிக்கவும் மனசில்லை, அப்படியே விடவும் மனசில்லை. என் எழுத்தை வேறொரு வாயில் கேட்டால்தான் எனக்குச் சரியா தப்பா என்று தெரியும். பேத்தியைக் கூப்பிடுகிறேன்.

"கண்ணு, இங்க வா. இதை மொதல்ல இருந்து மெதுவாப் படி. அந்த வெள்ளக்கடைப் பொண்ணு உக்காந்து கேக்கறான்னு நெனச்சுப் படி."